ரெஃபரன்ஸ் இல்லாமல் வரைந்த படத்தில் ஒளி தவறினால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் முறை

ரெஃபரன்ஸ், அதாவது பார்த்து வரைவதற்கான புகைப்படம், எதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் டேப்லெட்டில் வண்ணம் தீட்டிப் பழகுகிறவர்கள், படம் சரியாக வரவில்லை என்றால் பெரும்பாலும் நிறத்தைத்தான் குறை சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சில பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுத்துவரும் எனக்கு, கோளாறு உண்மையிலேயே நிறத்தில் இருந்த படங்களை அரிதாகவே பார்க்க வாய்த்திருக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதை முடிவு செய்யாமலேயே வண்ணத்தைத் தொட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. புகைப்படத்தைப் பார்த்து வரையும்போது அந்த முடிவை அந்த இடமும் அந்த நேரமும் நமக்காக முன்பே எடுத்துவிடுகின்றன. பார்க்காமல் வரையும்போது அது முழுவதும் நம் தலையில் விழுகிறது.

எல்லா அறிகுறிகளையும் ஒரே காட்சியை வைத்து விளக்குகிறேன். வாய்க்கால் கரையில் சுண்ணாம்பு அடித்த ஒரு வீடு, வாசலில் கட்டியிருக்கும் கன்னி இனத்துக் கரிய ஆடு, பக்கத்தில் வாழைத்தோப்பு, ஒரு வேம்பு, பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. நெல்லைச் சீமையில் வளர்ந்தவருக்கு இதை வரையப் புகைப்படம் தேவைப்படாது. 'வேல்யூ' என்று நான் சொல்வது, ஒரு நிறம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையில் எந்தப் படியில் நிற்கிறது என்பதை. கறுப்பை 0 என்றும் வெள்ளையை 10 என்றும் எண்ணிக்கொள்ளுங்கள்.

மற்றவர் கைபேசியில் படம் நீலம் பாய்ந்து தெரிகிறது, அல்லது அச்சில் இருண்டுவிடுகிறது

திரை தவறாகக் காட்டினால் அதன் பிறகு செய்யும் திருத்தம் அத்தனையும் வீண் என்பதால், இதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். இரவில் கண் கூசாமலிருக்கத் திரையை மஞ்சளாக்கும் வசதி பல கருவிகளில் மாலையானதும் தானாகவே இயங்கத் தொடங்கும்படி வைக்கப்பட்டிருக்கும். அந்த மஞ்சளை ஈடுகட்ட வரைகிறவர் தம்மை அறியாமல் நீலத்தைக் கூட்டிவிடுகிறார். காலையில் பார்த்தால் சுவருக்குக் குளிர்க் காய்ச்சல் வந்தது போலிருக்கும். நிறத்தை எடுப்பாகக் காட்டுகிற திரை அமைப்பு இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

அச்சில் இருண்டுபோவதற்குக் காரணம் வேறு. ஒரு திருமணப் பரிசுக்காக இந்த வீட்டையே நான் மின்சாரம் இல்லாத ஓர் இரவில், திரையின் வெளிச்சத்தை முழுமையாக ஏற்றிவைத்து வரைந்தேன். அச்சாகி வந்தபோது சுண்ணாம்புச் சுவர் மூன்று நாள் மழையில் ஊறியது போலிருந்தது. இருட்டறையில் திரை தன் அளவுக்கு மேல் ஒளிர்ந்ததால், என் கை ஒவ்வொரு வேல்யூவையும் இரண்டு படி கீழே இறக்கிவிட்டிருந்தது. விளக்கெரியும் அறையில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அந்தத் தாளோடு ஒத்துப்போகும் வரை வெளிச்சத்தைக் குறைத்துவிட்டு வரையத் தொடங்குவது போதுமான மருந்து.

படம் சப்பையாக இருக்கிறது. வெயில் அடிப்பதாகவே தோன்றவில்லை

மிகுதியாகக் காணப்படும் கோளாறு இதுதான், ஆகவே இங்கே சற்று நின்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுண்ணாம்பு அடித்த சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்றும், கறுப்பு ஆட்டின் மயிர் 5 விழுக்காட்டை மட்டுமே அனுப்புகிறது என்றும் கொள்ளலாம். நிழலுக்கும் வானத்திலிருந்தும் தரையிலிருந்தும் ஒளி வந்துகொண்டுதான் இருக்கிறது. அது வெயிலில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெயில்பட்ட சுவர் 80, நிழலில் உள்ள சுவர் 16, வெயில்பட்ட ஆடு 5, நிழலில் உள்ள ஆடு 1. நம் கண் ஒளியை இந்த நேர்விகிதத்தில் உணர்வதில்லை. கண் உணரும் படிகளுக்கு மாற்றினால் இந்த நான்கும் ஏறத்தாழ 9, 5, 3, 1 என்று வந்து நிற்கின்றன.

இந்த நான்கு எண்களையும் மனப்பாடம் செய்துகொள்ளச் சொல்வேன். சப்பையான படத்தைத் திறந்து வண்ணத்தை நீக்கிப் பார்த்தால், வெயில்பட்ட சுவர் 8 என்றும் நிழற்சுவர் 7 என்றும் இருக்கும்; சுவர் வெள்ளை என்று மனம் அறிந்திருப்பதால் அதை இருட்டாக்கக் கை கூசியிருக்கிறது. ஆட்டிலோ, அது கறுப்பு என்று மனம் அறிந்திருப்பதால் வெயில்பட்ட முதுகும் நிழலில் உள்ள வயிறும் ஒன்றாகவே 1இல் கிடக்கும். சுவரில் நான்கு படி இறக்கமும், ஆட்டில் இரண்டு படி ஏற்றமும் கொடுத்தாலே, வேறு எதையும் தொடாமல் வெயில் வந்துவிடும். இன்னொன்றையும் இந்த எண்களே சொல்கின்றன: நிழலில் உள்ள வெள்ளைச் சுவர், வெயிலில் நிற்கும் கறுப்பு ஆட்டைவிடப் பிரகாசமாகவே இருக்கும். "நிழல் எல்லாம் இருட்டு, வெயில் எல்லாம் வெளுப்பு" என்று பழகுநர்கள் எழுதிவைத்துக்கொள்ளும் விதி இங்கே உடைந்துபோகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அதன் சொந்த வெளுப்பிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும்.

மேகமூட்டமான நாளில் ஐந்தில் ஒன்று என்ற இந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. ஆடி மாதத்தில் மேற்கே சாரல் மேகம் கவிந்திருக்கும்போது வரைவதாக முடிவு செய்தால், சுவரின் இரு பக்கங்களுக்கும் ஒரு படி வேறுபாடு போதும். அப்போது படம் மென்மையாக இருப்பது பிழையாகாது.

நிறத்தில் அழகாக இருக்கிறது. கறுப்பு வெள்ளையாக்கினால் எல்லாம் ஒன்றாகிவிடுகிறது

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் கலர் பிக்கரில் 'பிரைட்னஸ்' என்று எழுதியிருக்கும் கம்பியை வேல்யூ என்று நம்பியதால் வருவது இது. முழு மஞ்சளுக்கும் முழு நீலத்துக்கும் அந்தக் கம்பி ஒரே 100ஐத்தான் காட்டும். ஆனால் வழக்கமான திரையில் வெள்ளையின் ஒளியை 100 என்று கொண்டால், பச்சை 72, சிவப்பு 21, நீலம் 7 என்ற அளவிலேயே பங்களிக்கின்றன. பச்சையும் சிவப்பும் சேர்ந்த மஞ்சள் 93ஐத் தொடுகிறது. கண்ணின் படிகளில் சொன்னால் முழு மஞ்சள் ஏறத்தாழ 9½, முழு சிவப்பு 5, முழு நீலம் 3. வாசலில் காயும் மஞ்சள் சேலையையும் நீலக் கதவையும் ஒரே பிரைட்னஸில் எடுத்துவிட்டு, கதவு ஏன் பள்ளமாகத் தெரிகிறது என்று குழம்புகிறவர்கள் பலர்.

சோதிப்பதற்கு, படத்தின் அடுக்குகளான லேயர்கள் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயரைச் சாம்பல் நிறத்தால் நிரப்பி, அதன் கலப்பு முறையைக் 'கலர்' என்று மாற்றி, தேவைப்படும்போது மட்டும் அதன் கண் குறியைத் தொட்டு அதைக் காட்டி மறையுங்கள். சில செயலிகளில் உள்ள, நிறத்தை நீக்கும் 'டிசாச்சுரேட்' கட்டளையை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஒரு நிறத்தின் மிகப்பெரிய எண்ணையும் மிகச்சிறிய எண்ணையும் கூட்டிப் பாதியாக்கும் வகையில் அது இயங்கினால், முழு மஞ்சளும் முழு நீலமும் ஒரே சாம்பலாகிவிடும். நீங்கள் தேடுகிற பிழையை அதுவே மூடி மறைத்துவிடும். கிரீட்டா என்ற வரையும் செயலியில் இந்தக் கட்டளைக்குள்ளேயே பல கணக்கு முறைகள் இருக்கின்றன. அவற்றில் 'லுமினாசிட்டி' என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுக்கலாம்.

நிழல் அழுக்குப் பிடித்தது போலிருக்கிறது

நிழலுக்கு நிறத்தை எடுக்கும்போது பிக்கரில் நேராகக் கீழே இறங்கிக் கறுப்பை மட்டும் கூட்டியிருந்தாலும், ஊதாவோ சாம்பலோ நிரப்பிய ஒரே மல்டிப்ளை லேயரை (கீழுள்ள நிறங்களை இருட்டாக்கும் கலப்பு முறை அது) படம் முழுவதற்கும் போர்த்தியிருந்தாலும் இந்த அழுக்கு வந்துசேரும். மல்டிப்ளை தன்னளவில் குற்றமற்றது. ஆனால் நிழலின் எல்லா முகங்களுக்கும் ஒரே விளக்கிலிருந்து ஒளி வருவதாக அது வைத்துக்கொள்கிறது. வெளியில் அப்படி நடப்பதில்லை.

நிழலுக்குள் மேல்நோக்கி இருக்கும் முகங்கள் வானத்தைப் பார்க்கின்றன. கீழ்நோக்கி இருப்பவை தரையைப் பார்க்கின்றன. திண்ணையின் மேல்தளம் நிழலில் நீலச் சாயல் கொள்ளும். ஓட்டுக்கூரையின் அடிப்பக்கமும் ஆட்டின் வயிறும் மண்ணின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் இதே வீட்டை வைத்தீர்கள் என்றால் அந்தச் செம்மணல் சுவரின் கீழ்ப்பாதி முழுவதையும் செம்மையாக்கிவிடும். வயலுக்கு நடுவே வைத்தால் அந்த இடத்தில் பச்சை ஏறும். ஆகவே நிழற்பகுதியை இரண்டாகப் பிரித்து, மேல்முகங்களுக்கு ஒரு நிறமும் கீழ்முகங்களுக்கு ஒரு நிறமும், இரண்டும் ஏறத்தாழ ஒரே வேல்யூவில் இருக்கும்படி எடுத்துத் தீட்டுங்கள்.

நீலத்தை எடுக்கும்போது கை மிஞ்சிவிடக்கூடாது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை எதிர்ப்பக்கம் தள்ளிக் காட்டும் என்பதை 1839இலேயே, பாரிசின் அரசுத் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்த வேதியியலர் செவ்ரோல் விரிவாக எழுதியிருக்கிறார். மாலை வெயிலின் மஞ்சள் பக்கத்தில் இருந்தால், பிக்கரில் வெறும் சாம்பலாக இருக்கும் நிறம்கூட நீலமாகத் தெரியும். முதலில் சாம்பலை வைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் நீலத்தைச் சேருங்கள்.

வெயிலும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் மட்டும் அழுக்கு இருக்குமானால், அது ஏர்பிரஷ் செய்த வேலை. ஆரஞ்சையும் நீலத்தையும் மென்பிரஷால் இழைத்தால் நடுவில் செத்த சாம்பல் பிறக்கும். இடைநிறத்தை நீங்களே பிக்கரில் தேர்ந்தெடுத்து, ஒரு பட்டையாக வைத்துவிட்டு அதன் பிறகு இழையுங்கள்.

வெளிச்சம்பட்ட இடம் சுண்ணாம்புத் தூள் தூவியது போல வெளிறிப்போகிறது

வெளிச்சத்தைக் கூட்ட வெள்ளையைக் கலந்ததன் விளைவு இது. படத்தில் 9 என்ற படியைச் சுவருக்கு மட்டுமே ஒதுக்கிவிட்டு, ஆடு, ஓடு, வாழை, மண் ஆகிய அனைத்தையும் 7க்குக் கீழே நிறுத்திப் பாருங்கள். ஓட்டின் வெயில்பட்ட பக்கத்தை வெளுப்பாக்குவதற்குப் பதிலாக நிறச்செறிவைக் கூட்டிச் சற்று ஆரஞ்சுப் பக்கம் நகர்த்தினாலே எரியும்.

நிழல்கள் சரியான திசையில்தான் விழுகின்றன. ஆனாலும் நம் ஊர் வெயிலாக இல்லை

பாடக் காணொளிகள் பெரும்பாலும் சூரியன் ஒருபோதும் உச்சிக்கு வராத குளிர்நாடுகளிலிருந்து வருகின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய கை, பகல் எந்த நேரமானாலும் இடது மேல்மூலையிலிருந்து சாய்ந்த ஒளியையே வைக்கிறது. திருநெல்வேலி வடக்கே ஏறத்தாழ 8.7 பாகையில் இருக்கிறது. சித்திரை பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் நண்பகல் சூரியன் நம் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அவற்றுக்கு இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே நிற்பதால் நண்பகல் நிழல் தெற்கே விழுகிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து, உச்சிப்பொழுதிலும் 58 பாகைதான் ஏறுகிறது. அப்போது நிழல் ஆளுயரத்தில் ஐந்தில் மூன்று பங்கு நீளத்துக்கு வடக்கே கிடக்கும். வடக்கு வாசல் வீட்டின் முகப்பில் நண்பகல் வெயில் ஆனியில் படும், மார்கழியில் படாது. இதை எந்தப் பயிற்சிக் காணொளியும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

உச்சிவெயிலின் வேல்யூவும் வேறு. சூரியன் 80 பாகை உயரத்தில் இருக்கும்போது, அதை நோக்கியிருக்கும் செங்குத்தான சுவருக்குக் கிடைக்கும் நேர்வெயில், தரைக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். எனவே சித்திரை நண்பகலில் வெள்ளைச் சுவரைவிட வாசல் மண் பிரகாசமாக இருக்கக்கூடும். சுவரின் ஒளியில் பெரும்பங்கு தரையிலிருந்து எகிறி வந்ததாகவே இருக்கும். ஆட்டின் முதுகில் ஒரு கோடு, ஓட்டின் மேல் ஒரு பரப்பு, மண் முழுவதும் வெளிச்சம், மற்றதெல்லாம் இடைநிலை என்று வைத்துப் பாருங்கள். படத்தைப் பார்த்ததும் கண் சுருங்க வேண்டும்.

பொருள்கள் தரையில் நிற்காமல் மிதக்கின்றன

நிழலின் விளிம்பு முழுவதும் ஒரே மென்மையில் இருக்கிறதா என்று பாருங்கள். சூரியன் நமக்கு ஒரு புள்ளியாக இல்லாமல், அரைப் பாகை அகலமுள்ள வட்டமாகத் தெரிவதால், நிழலின் மங்கலான விளிம்பு, நிழலை உண்டாக்கும் பொருளுக்கும் தரைக்கும் உள்ள தூரத்தில் ஏறத்தாழ 110இல் ஒரு பங்கு அகலம் கொள்கிறது. ஆட்டின் குளம்பருகே விளிம்பு கத்திபோல் இருக்கும். 5 மீட்டர் உயர வேப்பங்கிளையின் நிழலுக்கு நாலரை சென்டிமீட்டர் மங்கல் வரும். 20 மீட்டர்ப் பனையின் ஓலை நிழல் ஒரு சாண் அளவுக்குக் கரைந்திருக்கும். குளம்புக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள ஒடுக்கமான இடுக்கில், வானமோ தரையோ எட்டிப்பார்க்க முடியாத இடத்தில், படத்தின் மிக இருண்ட கோட்டை வையுங்கள்.

வேம்பின் அடியில் சிதறும் வெயிற்பொட்டுகளை இலை வடிவில் வெட்டி வரைவது இன்னொரு பழைய வழக்கம். இலைகளின் சிறிய இடைவெளி ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவைப் போல் சூரியனின் உருவத்தையே தரையில் காட்டுவதால் அவை வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் விழும்.

தொலைவு மலை முன்னால் வந்து நிற்கிறது

இதில் நானே ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். குறுக்குத்துறைப் படித்துறையிலிருந்து பார்க்கும் அந்திக் காட்சி என்று எண்ணி, மலைமுகட்டின் நம் பக்கத்துச் சரிவில் ரோஜா நிற வெயிலை வாரி இறைத்திருந்தேன். படத்தைப் பார்த்த என் பெரியப்பா, ஓவியம் எதுவும் அறியாதவர், "பொழுது மலைக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது இந்தப் பக்கம் எப்படிலே வெயில் விழும்?" என்று கேட்டார். நமக்கு மலை மேற்கே இருப்பதால், அந்தியில் அது சூரியனுக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் நிழல். மடிப்புகளும் மரங்களும் தெரியாத தட்டையான அடுக்குகள். மலையின் முகத்தைக் காட்ட வேண்டுமானால் காலைப் பொழுதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

திசை சரியாக இருந்தும் மலை முன்னால் வந்தால், அதன் இருட்டைக் கவனியுங்கள். இடையிலுள்ள காற்று நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறடித்து நம் கண்ணுக்கும் மலைக்கும் நடுவே ஒரு திரையை விரிக்கிறது. அந்தத் திரை முதலில் விழுங்குவது தொலைவின் கறுப்பைத்தான். முன்னாலிருக்கும் ஆட்டின் நிழல் 1 என்றால், அம்பாசமுத்திரத்துக்கு அப்பாலுள்ள மலையின் மிக ஆழமான நிழலும் 5க்குக் கீழே போகக்கூடாது. மலைக்கு நீலம் பூசிவிட்டு வேல்யூவை 3இல் விட்டுவைப்பதுதான் வழக்கமான பிழை; நீலப் பாறை ஒன்று வாசலில் வந்து நிற்கும்.

வாழையிலை பிளாஸ்டிக் போலிருக்கிறது. ஆறு தகரம் போலிருக்கிறது

இலைக்கு ஒரே பச்சை போதாது. வெயில் பின்னாலிருந்து ஊடுருவி வரும் இலை, செறிவான மஞ்சட்பச்சையாகத் தன் நிழற்பக்கத்திலேயே எரியும். மேலிருந்து நாம் பார்க்கும் இலையோ வானத்தைப் பிரதிபலித்து வெளிறிய நீலப்பச்சையாகும். ஆற்று நீர் நேர்கீழாகப் பார்க்கும்போது நூற்றில் இரண்டு பங்கு ஒளியையே பிரதிபலிப்பதால் காலடியில் கூழாங்கற்கள் தெரிய வேண்டும். பார்வை எதிர்க்கரையை நோக்கிச் சாயச் சாய வானம் அதை மூடிக்கொண்டு வர வேண்டும். நீருக்கு ஒரே நீலத்தைக் கரையிலிருந்து கரைவரை இழுத்தால் தகரம்தான் கிடைக்கும்.

இரவுக் காட்சி, பகலுக்கு நீலக் கண்ணாடி மாட்டியது போல் இருக்கிறது

நீல லேயரை அணைத்துவிட்டு, விளக்கைத் தேடுங்கள். சிறு விளக்கின் ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது: ஓர் அடியில் உள்ளதைப்போல் இரண்டு அடியில் கால் பங்கு, மூன்று அடியில் ஒன்பதில் ஒரு பங்கு, நான்கு அடியில் பதினாறில் ஒரு பங்கு. குத்துவிளக்கின் அருகே 9இல் இருக்கும் வெள்ளை வேட்டி, இரண்டு அடி தள்ளி 5 ஆகிறது. நான்கு அடியில் 3க்கு வந்து, பகல் வெயிலில் நாம் கண்ட கறுப்பு ஆட்டின் வேல்யூவில் நிற்கிறது. பகற்காட்சியில் பொருளின் சொந்த வெளுப்பு ஆட்சி செய்கிறது. இரவில் தூரம் ஆட்சி செய்கிறது. இந்த இறக்கத்தை முதலில் சாம்பலில் வைத்து முடித்துவிட்டால், விளக்கருகே ஆரஞ்சும், எட்டாத இடங்களில் செறிவு குறைந்த ஏதோ ஒரு நிறமும் போதும். விளக்கருகே உள்ள வேட்டி பிக்கரில் அப்பட்டமான ஆரஞ்சாகவே இருக்கட்டும். பார்ப்பவர் அதை வெள்ளை என்றே படித்துக்கொள்வார்.

எதை வரைந்தாலும் ஒளி ஒன்றுபோலவே வருகிறது

இது பழக்கத்தின் கோளாறு என்பதால் மருந்தும் பழக்கம்தான். இதே வீட்டை உள்ளங்கை அளவில் நான்கு முறை வரையுங்கள்: மார்கழிக் காலை, சித்திரை நண்பகல், ஆடிச் சாரல், விளக்கு வைத்த நேரம். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடங்களுக்கு மேல் தர வேண்டாம். பிரஷைத் தொடுவதற்கு முன்பே மேல் லேயரில் மாதம், மணி, சூரியனின் திசை, எது 9, எது 1 ஆகிய ஐந்தையும் எழுதிவிடுங்கள். முதலில் மூன்று சாம்பல்கள் மட்டும். அவை நேரத்தைச் சொன்ன பிறகே வண்ணம்.

வரைந்து முடித்த பிறகு, நீங்கள் எழுதிய அந்த மணிக்குத் தெருவில் இறங்கி ஒரு வெள்ளைச் சுவரையும் ஒரு கறுப்புப் பொருளையும் தேடிப் பாருங்கள். கைபேசியில் படமெடுத்து ஒப்பிடுவதை நான் அனுமதிப்பதில்லை. கேமரா வெயிலுக்குத் தன்னைச் சரிசெய்துகொண்டால் நிழலைக் கறுப்பாக்கும், நிழலுக்குச் சரிசெய்துகொண்டால் சுவரை வெளுத்துவிடும். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தவறிய இடம் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வீடு திரும்புங்கள். மறுநாள் பழைய லேயரை மறைத்துவிட்டு, அந்த ஒரு திருத்தத்தோடு அதே காட்சியை முதலிலிருந்து வரையுங்கள்.